ரோபோவுக்குப் பக்கத்தில் டோறின்

டோறின் வாய் திறக்காதவள் என்று யாராவது சொன்னால் அவள் குடியிருக்கும் கிளென் ஈடன் ஊரே சிரிக்கும். வீட்டில் அவள் போடும் சத்தம் ரயில் நிலையம்வரை கேட்கும். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டாளோ, ஒரு சொல் வராது. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி முடித்த நாள்முதல் இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் பெருமை. டாக்டர் கேட்குமுன் கருவி அவர் கையில் இருக்கும். ஏதும் கேட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

2018-இல் அவள் வேலைபார்த்த தனியார் மருத்துவமனை, குடலிறக்கத்தை ரோபோ கொண்டு தைக்கத் தயாரானது. நோயாளியின் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், அவற்றில் ரோபோவின் கைகள். அவற்றை ஆட்டிவைக்கும் டாக்டரோ அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றுவதும், அந்த இரும்புக் கைகள் வெளியே எங்கும் இடிக்காமல் பார்ப்பதும் ஒரு தாதியின் பொறுப்பு. அந்த இடம் தனக்குத்தான் என்று டோறின் முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய கைவேகம் வேறு யாருக்கு இருக்கிறது?

பயிற்சியில் ரப்பர் வயிற்றை வைத்து எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கத்தரிக்கோலை மாற்றியாயிற்றா என்று மூலையிலிருந்து டாக்டர் ராமநாதன் கேட்டார். டோறின் தலையாட்டினாள். மறுபடியும் கேட்டார். இன்னும் அழகாகத் தலையாட்டினாள். சிட்னியிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் குரல் வராவிட்டால் வேறு தாதியை நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டாள். டோறின் காரில் ஏறி ஒருமூச்சு அழுதாள்.

கூரை வேலை செய்யும் அவள் கணவர் தோமஸ் கதையைக் கேட்டார். ஏவன்டேல் சந்தையில் வாழைப்பழம் வாங்கிவந்த அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் கரண்டியோடு மேசையில் உட்கார்ந்தார்.

"நான்தான் டொக்டர். கத்தரிக்கோல் மாத்தியாச்சோ?"

டோறின் தலையாட்டினாள்.

"என்ன, அங்க ஆளில்லையோ?"

"ஆட்டினனான்தானே!"

"பெட்டிக்குள்ள இருக்கிறவனுக்கு நீர் ஆட்டினது என்னெண்டு தெரியும்? எனக்குப் போடுற சத்தத்தில காவாசி அங்க போடுமன்."

"டொக்டரைப் பாத்துக் கத்தச் சொல்லுறியளே? அவரென்ன உங்களைப்போலயே?"

அறையிலிருந்து எட்டிப்பார்த்த மகள் றோஷினி, "டாட், ஆர் யூ ஓகே?" என்றாள். பெட்டி கம்பீரமாக ஆடியது. மூன்று நாள் மாலையும் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்திப் பழகினாள் டோறின். செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் அம்மாள் கைதட்டிவிட்டுப் போனாள்.

ஆனால் ரப்பர் வயிறு வேறு, மனித வயிறு வேறு அல்லவா? முதல் நோயாளி பக்கத்து ஊரான ரானுயியில் டெய்ரி எனப்படும் சின்ன மளிகைக்கடை வைத்திருந்த மனிதர். ராமநாதன் வயிற்றுக்குள், குடல் இறங்கிய ஓட்டையை அடைக்கும் வலையை வைத்துத் தைத்தார். திரையில் வேலை அருமையாக ஓடியது, எல்லோருடைய கண்ணும் அங்கேதான். டோறின் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவர் ஊசியை வளைத்து இழுக்க இழுக்க, வெளியே இரும்புக் கையின் முட்டி நோயாளியின் முகத்தை நோக்கி இறங்கியது. மூன்று விரல் தூரம். இரண்டு விரல். பாழாய்ப்போன பழக்கம், வாய்க்கு முன் அவள் கைதான் நீண்டது. கையைக் காட்டினால் மூலையில் இருப்பவருக்குத் தெரியுமா?

"ஸ்டாப்! அசையாதேங்கோ டொக்டர்!"

கூடமே துள்ளியது. இரும்புக் கை அப்படியே நின்றது.

"நிறுத்திட்டேன்," என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல்.

டோறின் பொத்தானை அழுத்தி இரும்புக் கையை மேலே விலக்கினாள். கடைக்காரரின் கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. "கிளியர் டொக்டர். இனித் தைக்கலாம்." அவள் குரல் ஆடவில்லை.

மத்தியானம் இரண்டாவது நோயாளி. ராமநாதன் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டே தான் வளர்ந்த ஈப்போ ஊர்த் தமிழில் கேட்டார்: "டோறின் அக்காதானே நிக்கிறீங்க? வேற யாராச்சும்னா நான் தொடங்க மாட்டேன்."

டோறின் பெருமையோடு தலையாட்டினாள். பிறகுதான் நினைவு வந்தது.

"நான்தான் டொக்டர்! தொடங்குங்கோ!"