குடிகாரன் என்றே இருக்கட்டும் என்று விட்டேன்

எனக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய். வெயில் ஏறினால் கால் தள்ளாடும். செங்கல்பட்டில் ஒரு கிடங்கில் வேலை. நோயாளி என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்களே என்று மறைத்தேன்.

“இன்னா அண்ணாத்த, காலைலயே ஊத்திக்கினு வந்துட்டியா?” என்று உடன் வேலை செய்யும் சேகர் கேட்டபோதெல்லாம் சிரித்துவைத்தேன்.

மே மாத மதியம் ஒன்றில் கிடங்கு வாசலில் விழுந்தேன். கால்கள் அசையவில்லை, நாக்கு குழறியது. “வுடுங்கப்பா, தெளிஞ்சா தானா எய்ந்து வருவாரு” என்று சொல்லி, சேகர் எல்லோரையும் சாப்பிட அழைத்துப்போனான். அவன்மேல் தப்பில்லை. கொதிக்கும் சிமென்ட் தரையில் தனியாகக் கிடந்தேன். சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர் நிழலுக்கு இழுத்துப் போட்டதால் பிழைத்தேன்.

மறுநாளே முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை. இப்போது யார் கேட்டாலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டிக்கொள்ளுமோ என்று சேகர் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறான். இருக்கட்டும். நான் விழுந்தால், எதனால் விழுந்தேன் என்று அவனுக்குத் தெரியும்.