ஏழு நாளைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, திருவண்ணாமலையில் நான் அரசு நர்ஸாக இருந்த சமயம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பெண்களிடம் பேசி, விருப்பப்பட்டவர்களை ஆபரேஷனுக்கு அழைத்து வருவதும் என் வேலைதான். என்னோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு நர்ஸ் இருந்தாள், என் தோழிதான். மாதக் கூட்டத்தில் பாராட்டெல்லாம் அவளுக்குத்தான். கோயிலின் பேய்க்கோபுரத்துப் பக்கம் மதில் ஓரம் குடியிருந்த வீடில்லாத பெண்கள், நான் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அவள் கூப்பிட்டால் உடனே கிளம்பி வருவார்கள். பொறாமைதான், வேறென்ன? அவள் தலையில் வைத்த கனகாம்பரத்தைப் பார்த்தால்கூட எனக்கு வயிறு எரியும்.

அந்த மதில் ஓரத்தில் ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது கைக்குழந்தை. புருஷன் வருவான், போவான். ரத்தமே இல்லாத உடம்பு, இன்னொரு பிரசவம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் போதும் என்றுதான் இருந்தாள். திங்கட்கிழமை என் தோழியோடு ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகவும், ஆபரேஷன் முடிந்து அங்கே இருக்கும் ஏழு நாளும் பெரிய பிள்ளைகள் இரண்டையும் அந்த நர்ஸம்மாவே வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதாகவும் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "வூட்ல வெச்சிக்கிறாங்களா? எதுக்கும் உஷாரா இரு. புள்ளைங்கள அநாதை ஹோம்ல சேத்துடப் போறாங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அந்த இடம் காலி. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாளாம். தோழி பஸ் ஸ்டாண்டெல்லாம் தேடி அலைந்து, முகம் வாடித் திரும்பி வந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்த கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அந்த மதில் ஓரத்துக்காரி திரும்பி வந்தாள். நிறைமாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்ததே அண்ணாமலையார் புண்ணியம். தோழி அப்போது மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள்.

ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்று அவளேதான் சொன்னாள். "ஏழு நாளு என் புள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க ஹோம்ல சேத்துட மாட்டீங்களே நர்ஸம்மா? அன்னிக்கு நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

என் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னாள்.

மூன்று பிள்ளைகளையும் ஒற்றை அறை வீட்டில் ஏழு நாள் வைத்துக்கொண்டேன். சின்னது அம்மாவைக் கேட்டு ஓயாமல் அழுதது. இப்படிப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தோழி வாங்கிய பாராட்டின் பாரம் அப்போதுதான் தெரிந்தது.

அன்று நான் சொன்னது பொய் என்ற உண்மையை அவளிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. யாரைப் பார்த்தாவது மனசு புகையும்போதெல்லாம், தனக்குக் கெடுதல் செய்தவளுக்கே நன்றி சொன்ன அந்தக் கையின் சூடுதான் இன்றைக்கும் என் வாயை அடைக்கிறது.