இரண்டாம் முறை தட்ட விடாதவர்

எங்கள் அன்பு அப்பா, இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தார். நூறு வயதைக் கண்டு, சென்ற வருடம் எங்களைப் பிரிந்தார். அவரது நற்குணங்களை அண்ணன் இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் எழுதிவிட்டார். எனக்கு மிச்சம் வைத்தது அப்பாவின் முன்கோபமும் எங்கள் வீட்டுக் கதவும்தான்.

யார் கதவைத் தட்டினாலும், இரண்டாம் முறை தட்டுவதற்குள் திறந்தாக வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. தாமதித்தால் அன்று முழுவதும் அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

கலவர வருடத்தில் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கீழே கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. "தெறக்காதீங்க, புள்ளைக இருக்கு" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மேசைக்கடியில் தம்பியின் வாயைப் பொத்தியிருந்தேன். அப்பா கையை விடுவித்துக்கொண்டு திறந்தார். கீழ் லயத்துக் குடும்பம், ஐந்து பேர், காலில் செருப்புக்கூட இல்லாமல் நின்றார்கள். ஆனாலும் அப்பாமேல் அன்று வந்த கோபம் எனக்குப் பல வருடம் தீரவில்லை.

அம்மாவின் கருமாதி முடிந்த அன்றுதான் அப்பா காரணத்தைச் சொன்னார்.

உலகப் போர்க் காலத்தில், பத்தொன்பது வயதில், பதுளைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கடற்படையில் சேர்ந்தவர் அவர். திருகோணமலைக்கு வெளியே, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ரோந்து போகும் சிறிய கப்பலில் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கடியில் என்ன சத்தம் என்று அப்பாதான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை, எஞ்சின் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பின்னால் படையாட்களை ஏற்றிய கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

"நிச்சயந்தானா?" என்று கப்டன் கேட்டார். திமிங்கிலமாக இருந்தால் குண்டு வீண். சொல்லாமல் விட்டால் பின்னால் வருகிறவர்கள் செத்துப்போவார்கள். அப்பா தலையசைத்தார். நீருக்குள் வெடிக்கும் குண்டுகளை உருட்டிவிட்டார்கள்.

"வெடிச்சு அடங்குனதும் மறுபடி மாட்டிக் கேட்டேம்மா. முங்குன கப்பலுக்குள்ள இருந்து தட்டுனாங்க. இரும்புல. ரொம்ப நேரம் தட்டுனாங்க. என்னால தெறக்க முடியலியே."

கப்பல்கள் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்தன. அப்பாவைப் பாராட்டினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பி, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து எங்களை ஆளாக்கினார்.

கடைசி நாட்களில் அவரது விரல்கள் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தன. தண்ணீர் கேட்கிறார் என்று தம்பி ஓடினான். நான் குனிந்து, "தெறந்துட்டேம்ப்பா. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க" என்றேன். விரல்கள் நின்றன.

அவரைப் பார்த்துக்கொண்ட லயத்து உறவுகளுக்கும், துக்கத்தில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவின் கருமாதி வரை நாங்கள் கதவைச் சாத்தவில்லை. இன்றும் திறந்துதான் இருக்கிறது. தட்டாமல் வாருங்கள்.