உயிரியல் வகுப்பும் ஒரு சாக்குக் காப்பிப் பழமும்

பொது அறிவுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மாணவர்கள் பாடப் பொருளைத் தங்கள் உடம்பிலேயே வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வரலாறு எடுக்கிறவருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பானிபட் போரைப் பற்றி யாரும் எழுந்து, "அது எனக்குப் பனிக்காலத்துல இடுப்புல புடிச்சுக்குதுங்க" என்று சொல்வதில்லை.

ஏற்காட்டில் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறேன். வாரத்தில் சில மாலைகள், கிளியூர் போகிற வழியில் ஒரு சர்ச் ஹாலில், குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இலவச வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். நாள் முழுக்க நின்ற காலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்குவார்கள். மாலை வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டிப்போன சக ஜீவன்களே, இனி வருவதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

பெரிய உறுப்பு

சுலபமாகத் தொடங்கலாமே என்று முதல் நாள், "மனித உடம்பில் மிகப் பெரிய உறுப்பு எது?" என்று கேட்டேன். ஒருவர் கல்லீரல் என்றார். ஜீப் ஓட்டுகிற ஒருவர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். "தோல்" என்றேன்.

பழனியம்மா முன் பெஞ்சில் இருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவி. அதற்கு முன்பு காப்பித் தோட்டத்தில் வெகுகாலம் இருந்தவர். தேர்வு எழுதும் உத்தேசமெல்லாம் அவருக்கு இல்லை. வீட்டில் டிவி ரிப்பேர், அதனால் வருகிறார். முழங்கைக்குக் கீழே பழைய கீறல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதானே பாத்தேன் டீச்சர் கண்ணு! எந்தக் காட்டுக்குள்ள பூந்தாலும் முள்ளுக்கு மொதல்ல அதுதானுங்களே சிக்குது."

இரண்டு கொட்டை

ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்கள் நடத்திய அன்று, "காப்பி எதில் சேரும்?" என்று கேட்டேன். ஹாலே அதிரும்படி "இருவித்திலை!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். வாத்தியார் புத்தி, "எப்படி?" என்று கேட்டுவிட்டேன். பழத்தைப் பிதுக்கினால் இரண்டு கொட்டை வருகிறதே, அதனால்தான் என்றார்கள். சில பழத்தில் உருண்டையாக ஒற்றைக் கொட்டை இருக்குமே, அது ஒருவித்திலை என்று கூடுதல் தகவலும் தந்தார்கள். "அப்படியானால் பலா?" என்றேன். "நூறுவித்திலைங்க" என்றார் பழனியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

பழத்தில் எத்தனை விதை என்பது கணக்கில்லை, ஒரு விதைக்குள் எத்தனை பருப்பு என்பதுதான் கணக்கு என்று ஊறவைத்த மொச்சையைப் பிளந்து காட்டினேன். அடுத்த வகுப்புக்கு லூர்து மேரி என்ற மாணவி எஸ்டேட் நர்சரியிலிருந்து ஒரு காப்பி நாற்றை வேர் மண்ணோடு எடுத்துவந்தார். விதையிலிருந்த பருப்பு இரண்டும் விரிந்து, உச்சியில் இரண்டே இரண்டு வட்ட இலை. என் வகுப்பிலேயே கெட்டிக்காரர் இந்த மேரிதான். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். இருட்டினால் ரோட்டில் காட்டெருமை நிற்கும் என்பதால் அவருடைய கணவர் ஜெயராஜ் டார்ச்சோடு கூடவே வந்து, வகுப்பு முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரும் அதே எஸ்டேட்டில் பழம் பறிப்பவர்.

அன்று பேச்சு பழம் பறிப்புக்கே போய்விட்டது. சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சைக் காய் கலக்கக் கூடாது. மாலையில் எடை போடுவதற்கு முன் அவரவர் சாக்கைப் படுதாவில் கொட்டி, கலந்துவிட்ட பச்சையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஜெயராஜ் கடைசி பெஞ்சிலிருந்து பெருமையாகச் சொன்னார்: "கண்ணாலத்துக்கு முந்தி எஞ்சாக்குல ஒரே பச்சைங்க. எடை போடற ரைட்டரு எல்லாத்துக்கும் முன்னால கொட்டிக் காட்டி மானத்த வாங்குவாரு. இவ கழுத்துல தாலி கட்டுன ராசி, அதுக்கப்பறம் ஒரு நாளும் பேச்சு வாங்கலீங்க."

பார்க்கலாமுங்க

தேர்வுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் மேரி மட்டும் போடவில்லை. பணம் கட்ட வேண்டுமா, நான் கட்டுகிறேன் என்றேன். அது இல்லையாம். ஜெயராஜ் வேண்டாம் என்கிறாரா என்றால், அவர்தான் தினமும் போடச் சொல்லி நச்சரிக்கிறாராம். வேலை கிடைத்தாலும் சேலத்தில்தானே கிடைக்கும், காலை பஸ்ஸில் இறங்கி இருட்டுவதற்குள் ஏறிவிடலாமே என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய ஒரு மாணவி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பழம் பறிப்பு முடியட்டும், பாக்கலாமுங்க டீச்சர்."

கலர் சாக்பீஸ்

தாவர செல் படம். என் கைப்பணத்தில் வாங்கிய கலர் சாக்பீஸில் நடுவே உட்கருவைச் சிவப்பாக, சுற்றிலும் பசுங்கணிகங்களைப் பச்சையாக வரைந்தேன். எனக்கே படம் பிடித்துப்போயிற்று. தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். பசுங்கணிகம்தான் செடியின் சமையலறை என்றதும் பழனியம்மா, அங்கே உதவியாளுக்கு வேலை காலி இருக்கிறதா என்று விசாரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஜெயராஜ் கை தூக்கினார். மனுஷன் பாடத்தைக் கவனிக்கிறாரே என்று மகிழ்ந்து, கேளுங்கள் என்றேன். மேரி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். அவர் கேள்விக்குக் காரணம் மங்கலான பல்பு என்றுதான் நான் அப்போது நினைத்தேன். அவர் கேட்டது இது: "ஏனுங் டீச்சர், கலர் சாக்பீஸு இருக்கறப்ப எல்லாத்தையும் ஒரே கலர்ல போட்டுப்புட்டீங்களே?"

மாமியார் பேர்

மரபியலில் நிறக்குருடு வந்தது. இது உள்ளவர்களுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் மட்டும் பிரித்துத் தெரியாது என்றேன். ஆண்களுக்குத்தான் அதிகம், அதுவும் அம்மா வழியாகத்தான் மகனுக்கு வரும், அம்மாவுக்குப் பெரும்பாலும் பார்வையில் ஒரு குறையும் இருக்காது என்றும் சொன்னேன். அத்தனை பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழனியம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப இந்த ஒரு விசயத்துக்காச்சும் மாமியார் பேரத் தைரியமாச் சொல்லலாமுங்களா?"

வெறும் புள்ளி

அதே வகுப்பில் அதைப் பரிசோதிக்கும் படம் ஒன்றை என் போனில் எடுத்து எல்லோரிடமும் கொடுத்தேன். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகளால் ஓர் எண் தெரியும். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடுத்தவரிடம் தந்தார்கள். போன் மேரியிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவர் அதைப் பின்னால் தராமல் என்னிடமே நீட்டினார். ஜெயராஜ் எட்டி வாங்கிக்கொண்டார். அப்படிப் பார்த்தார், இப்படிச் சாய்த்துப் பார்த்தார். "எண்ணு எங்கீங்க இருக்குது? வெறும் புள்ளிதானுங்களே" என்றார்.

அவர் போனைப் பெஞ்சின்மேல் மெதுவாக வைத்தார். "எல்லாத்துக்கும் இப்படித்தான் தெரியும், நாந்தான் கவனமில்லாதவன்னு நெனச்சிருந்தனுங்க" என்றார் என்னிடம். பிறகு மேரியிடம் திரும்பி, "தெனமும் என் சாக்கையும் சேத்து நீதான் கொட்டுவே. 'நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க, இங்க நான் பாத்துக்கறேன்'னு என்னை முடுக்கி உடுவியே" என்றார். மேரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். விண்ணப்பம் ஏன் போடவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மேரி சேலத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் மாலையில் அந்தச் சாக்கில் பச்சை பொறுக்க ஆள் இல்லை. ரைட்டர் மறுபடியும் எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டுவார். கல்யாணமானதிலிருந்து புருஷனுக்கே தெரியாமல் அவர் மானத்தைக் காப்பாற்றி வந்தவர் அது பிடிபட்டுப்போன வருத்தத்தில், மெல்லிய குரலில் சொன்னார்: "மொத வருசமே தெரிஞ்சு போச்சுங்க. சொன்னா மனசு ஒடிஞ்சு போயிருவீங்கன்னுதான்."

எத்தனை டீ

அதன்பிறகு இருவரும் வகுப்புக்கு வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பொது அறிவு சொல்லிக்கொடுக்கப் போய் ஒரு குடும்பத்தில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று பழனியம்மாவிடம் புலம்பினேன். "கல்லு இல்ல கண்ணு, புள்ளிதான்" என்று அவர் தேற்றினார்.

ஒரு மாலை ஹால் வாசலில் ஜெயராஜ் நின்றார், பின்னால் மேரி. அவரே ரைட்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். 'மொதல்லயே தெரிஞ்சிருந்தா இந்தக் கத்து கத்தியிருக்க மாட்டனேப்பா' என்று ரைட்டர் சங்கடப்பட்டு, பறிப்பிலிருந்து எடுத்துப் பழம் தோலுரிக்கிற மிஷினுக்கு அனுப்பிவிட்டார். அங்கே சாக்கைத் தூக்கிக் கொட்டினால் போதும், நிறம் பார்க்கிற வேலை இல்லை. "விண்ணப்பத்த இன்னைக்கே போட்டுருங்க டீச்சர்" என்றார் ஜெயராஜ். கோபமெல்லாம் போய்விட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கோவத்துல டீக்கடைக்குத்தானுங்க போனேன். அங்க உக்காந்து, இவ அனுப்பி இத்தன வருசத்துல எத்தன டீ குடிச்சிருப்பேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் எங்கீங்க கோவம் வருது?"

என்ன கலர்

தேர்வு சேலத்தில். விடியற்காலை பஸ்ஸில் நானும் அவர்களோடு இறங்கினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, மனசு கேட்கவில்லை, போனேன். மேரி ஒரு புதுச் சேலையில் இருந்தார். ஜெயராஜ் கடையில் தானே தேர்ந்தெடுத்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவர் மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "நெசத்தச் சொல்லு புள்ள. இது என்ன கலரு?" "பச்சைங்க." "செவப்புன்னுல்ல எடுத்தேன். நல்லாருக்குதா?" "நொம்ப நல்லாருக்குதுங்க" என்றார் மேரி.

தேர்வு மையத்தின் வாசலில் மேரிக்குக் கால் நகரவில்லை. என்னென்னவோ சொல்லித் தைரியப்படுத்திப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. ஜெயராஜ் அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டு மேரி சிரித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். நான்தான் நடுரோட்டில் நின்று அழுதேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ போயி எழுதிட்டு வா புள்ள, இங்க நான் பாத்துக்கறேன்."

அந்தத் தேர்வில் நிறக்குருட்டைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்பதை, சக ஜீவன்களே, தீராத வயிற்றெரிச்சலோடு இங்கே பதிவுசெய்கிறேன்.