கழற்றி வைத்த கதவு

தையல் வகுப்பு முடிந்த அன்று காஞ்சிபுரத்துக் கன்னியர் மடத்து சிஸ்டர் எனக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தார். காலால் மிதிக்கிற மெஷின், கொஞ்சம் பழசு. சும்மா கொடுத்துவிடவில்லை, ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதம் கழித்து அவரே உத்திரமேரூருக்கு வந்து என் வீட்டைப் பார்ப்பார். நல்ல வெளிச்சம், துணி வெட்ட மேசை, தைக்கக் கொடுக்க ஆட்கள், இந்த மூன்றும் இருந்தால் மெஷின் எனக்கு. இல்லாவிட்டால் காத்துக்கொண்டிருக்கிற அடுத்த பெண்ணுக்கு. "நீ அழுதாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்" என்றார். நான் அழுகிற ஆள் இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மாட்டு வண்டியில் மெஷின் வந்து இறங்கியபோதுதான் என் வீட்டை நானே முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். மண்சுவர், பனையோலைக் கூரை, ஒரே அறை. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. பட்டப்பகலில்கூட ஊசியில் நூல் கோக்க வாசலுக்கு வர வேண்டும். என் கணவர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்த இங்க வெச்சா நாம எங்க படுக்கிறது?" என்று கேட்டார்.

"கால மடக்கிக்கினு படு" என்றேன்.

முதலில் தரை. சாணம் மெழுகிய மண் தரையில் மெஷினின் நான்கு இரும்புக் கால்களும் நான்கு விதமாக இறங்கின. மிதித்தால் மெஷின் ஆடியது, தையல் கோணிக்கொண்டு போனது. கல் உடைக்கிற இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பட்டையான சில்லுகளில் நான்கை எடுத்து வந்து, காலுக்கு ஒன்றாகத் தரையில் பதித்தேன். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மெஷின் பலகைமேல் வைத்து, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடாத வரைக்கும் தட்டித் தட்டி மட்டம் பார்த்தேன்.

அடுத்தது வெளிச்சம். கடப்பாரையை எடுத்துச் சுவரில் ஓட்டை போட்டேன். எதிர் வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது.

"செவ்வாக்கெழமயில எவளாவது செவுத்த இடிப்பாளாமே?" என்றாள்.

"பொதங்கெழம வரிக்கும் இருட்டுல குந்திக்கினு கீறதா?" என்றேன்.

அடி உடைந்த பழைய பானை ஒன்றை அந்த ஓட்டையில் படுக்கவைத்துச் சுற்றி மண் அப்பினேன். இனி மழை அடித்தாலும் ஓட்டையின் ஓரம் கரையாது. வெளிச்சம் பானை வழியாக வந்து நேராக ஊசியின்மேல் விழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மேசைதான் இடித்தது. தச்சர் சொன்ன கூலியைக் கேட்டதுமே வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் நின்றபோது எதிரே மேசை நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கதவு. கீல் வைக்காத பழைய மாதிரிக் கதவு, மேலும் கீழும் குடுமி வைத்து நிலையின் குழியில் நிற்பது. கொஞ்சம் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் கவிழ்த்த உரல், ஒரு பக்கம் அடுக்கிய செங்கல், நடுவில் கதவு. உள்பக்கம் குறுக்குச் சட்டம் அடித்திருந்ததால், வழவழப்பான வெளிப்பக்கத்தை மேலாக வைத்துப் போட்டேன். காலையில் மில்லுக்குப் போகும்முன் கணவர் கழற்றித் தருவார், சாயங்காலம் வந்து மாட்டிவிடுவார். கதவு இல்லாத வாசல் வழியாக வந்த வெளிச்சம் வேறு இனாம்.

ஆட்களும் வந்தார்கள். அதுவரை எங்கள் தெருப் பெண்கள் பஜாரில் துணிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த டெய்லரிடம்தான் ரவிக்கை தைத்தார்கள். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாதவர்களை அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டிவிடுவார். அதனால் நடவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையைத் தூக்கினால் அக்குள் கிழியும். நான் வீட்டுக்குள் கூப்பிட்டு டேப் வைத்து அளந்தேன். எதிர் வீட்டு அக்கா கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். கையில் நோட்டு இல்லை, சாக்குக்கட்டி இருந்தது. மேசையின் ஓரத்திலேயே எழுதினேன். எதிர் வூட்டு அக்கா, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு. அதற்குக் கீழே அடுத்தவள். ஒரே நாளில் ஏழு பேர்.

என் கண்ணுக்கு அது அதற்குள் மேசையாகிவிட்டது. கதவு என்பதை மறந்தே போனேன்.

சாயங்காலம் நான் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் கணவர் வந்து வழக்கம்போல அதை மாட்டிவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் வாசலில் சிரிப்புச் சத்தம். வேலைக்குப் போகிற ஆண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். ஐந்தாவது வரை படித்த ஒருவன் ரேஷன் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு பெண்ணின் இடுப்பையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஈரத்துணியோடு ஓடி அழித்தேன். அதற்குள் ஏழு பேரையும் படித்து முடித்திருந்தான்.

எதிர் வீட்டு அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாமே, என் ஒடம்ப ஊருக்குத் தண்டோரா போட்டுட்டியா?" துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் மற்ற ஆறு பேரும் வாங்கிப் போய்விட்டார்கள்.

சிஸ்டர் வர ஒன்பது நாள்தான் இருந்தது. ஆத்திரத்தைக் கணவரிடம் காட்டினேன். "கதவ பாத்து மாட்ட மாட்டியா?" என்று கத்தினேன். "எழுதனது நானா?" என்றார். அவர் சொன்னது நியாயம், அதனால் கோபம் இன்னும் ஏறியது. அதற்கப்புறம் அவர் எழுத்துத் தெரியாவிட்டாலும் கதவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் மாட்டினார். எனக்கோ வெட்கம் தாங்கவில்லை. என்னை நம்பிக் கையைத் தூக்கி நின்றவர்களை நான் தெருவில் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் அவருடைய ஒரே சட்டையைத் தைத்ததையே தைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டேப்பை எடுத்து என்னையே அளந்தேன். மார்பு, இடுப்பு, கைச்சுற்று, எதையும் விடவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, மேலே "இந்த வூட்டுக்காரி" என்று போட்டேன். "பேஜாரு பண்ணாதமே" என்று கெஞ்சிக்கொண்டே கணவர் அதை மாட்டினார்.

விடிந்ததும் அதே கும்பல் வந்தது, அதே ஆள் ஆரம்பித்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். "சத்தமா படி. பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல" என்றேன். பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். எதிர் வீட்டிலிருந்து சிரிப்பு கேட்டது. அக்கா துணியைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தாள்.

"என்னிய விட உனுக்கு ரெண்டு இஞ்சு பெருசாமே? பாத்தா தெரியவே இல்ல" என்றாள். சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் துணியோடு திரும்பி வந்தார்கள். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன்.

சிஸ்டர் சொன்ன நாளில் வண்டியோடு வந்தார். மெஷினை ஏற்றிப்போகத் தயாராகத்தான் வந்திருந்தார். அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சிஸ்டர் குனிந்து உள்ளே வந்து பானை ஜன்னலைப் பார்த்தார், மெஷினை மிதித்துப் பார்த்தார், முடித்து மடித்து வைத்திருந்த ரவிக்கைகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மேசையைத் தடவிக்கொண்டே வந்த கை, ஓரத்தில் இருந்த குடுமியில் நின்றது.

"இது வீட்டுக் கதவு இல்லையா?"

"ஆமாம் சிஸ்டர்."

"பகல் முழுவதும் வீடு திறந்தா கிடக்கிறது? நீ தண்ணீருக்குப் போனால் மடத்து மெஷினை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

மேசைமேல் வெட்டுவதற்கு விரித்திருந்த துணியை நீவிவிட்டேன். சிஸ்டர் மெஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்து வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவு இன்னாத்துக்கு சிஸ்டரம்மா?" அக்கா கீரையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "அதான் நாங்க குந்திக்கினு கீறமே."

"தினமுமா?"

"வேலைக்குப் போனா ஒருத்தி இருப்போம். இல்லாங்காட்டி மூணு பேரும் இருப்போம். இவ தெச்சத நீங்களே பாருங்க." எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். மடியிலிருந்த கீரை முழுவதும் தரையில் கொட்டியது. அக்குள் கிழியவில்லை.

சிஸ்டர் சிரித்தார். சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். வண்டி காலியாகவே காஞ்சிபுரத்துக்குத் திரும்பியது.

அழுகிற ஆள் இல்லை என்று சொன்னேன். அன்று கதவின்மேல் குனிந்து அழுதேன். அக்கா கொட்டின கீரையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நின்னு அழு. கீழ கீறது என் துணி."