நாலு வால்வு யூபோனியம்

பழைய யூபோனியம் ஒன்று வாங்கத்தான் திருத்தங்கலில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். சாவு வீடுகளுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதியவர். ஒல்லியான ஆள். மேலுதட்டில் வட்டமாக ஒரு தழும்பு. பேசும்போதெல்லாம் அவருடைய நான்கு விரல்களும், வாத்தியத்தின் வால்வுகளை அமுக்குவதுபோல், தொடையில் அமுக்கிக்கொண்டே இருந்தன.

“நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீக?” என்று கேட்டேன்.

“ஊதிப் பாருங்க” என்றார்.

தணிந்த சுரம் ஒன்றை நீளமாக ஊதினேன். எதிர்வீட்டுப் பெண் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

“எந்தக் கம்பெனிண்ணே?”

எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது என்று கேட்கிறாள்.

“ஒண்ணுமில்ல தாயி. இவுக விலைக்கு வாங்க வந்திருக்காக.”

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

“ஏன்னு கேட்டீகள்ல, இதுக்குத்தான்” என்றார் அவர். நான் வாத்தியத்தைப் பையில் வைத்துக் கட்டிய பிறகும் அவர் விரல்கள் நிற்கவில்லை.

விருதுநகரில் என் வீட்டில் தினமும் சாயங்காலம் ஊதுகிறேன். யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் முதல் சுரத்தை ஊதியதும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் வாசலைப் பார்க்கிறேன்.