‘இல்லை’ என்று நான் நிரப்பிய கட்டம்

போடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றாலும் ஆட்கள் வருவார்கள். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், நான் தட்டுவேன்.

போன வருடம் பள்ளிகள் திறக்கும் சமயத்தில் பக்கத்துச் சிலமலை கிராமத்திலிருந்து ஒரு ஜீப் டிரைவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விடிவதற்கு முன்பே கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். இடுப்பு வலி தாங்காமல், கீழேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை கேட்டிருந்தார். எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால், அவர்மேல் குற்ற வழக்கு உண்டா என்று பார்த்துச் சொல்லும் போலீஸ் சான்றிதழை மட்டும் கேட்டிருந்தார்கள்.

“ஸ்டேசனுக்குப் போகணுமா ஆத்தா?” என்றார்.

“வேண்டாம்ணே. போலீஸ் வெப்சைட்லயே போட்டுறலாம். அவங்களே வீட்டுக்கு விசாரிக்க வருவாங்க. ஆதார், போட்டோ, பள்ளிக்கூடத்து லெட்டர் கொண்டாந்தீங்களா?”

எல்லாம் கொண்டுவந்திருந்தார். பெயர், முகவரி, எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தேன். உங்கள் மீது வழக்கு ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்வி வந்தது. வாசித்துக் காட்டினேன்.

“ஒரு கேசு இருந்துச்சு. பல வருசத்துக்கு முந்தி, கொண்டை ஊசி வளைவுல பிரேக்கு பிடிக்காம ஜீப்பு சாஞ்சிருச்சு. ரெண்டு பொம்பளைகளுக்குக் கை ஒடிஞ்சுபோச்சு. அப்புறம் கோர்ட்டுல விடுதலை பண்ணிட்டாங்க” என்றார்.

கல்லூரி விண்ணப்பத்துக்காக அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “முடிஞ்ச கேசுதானண்ணே. அதைப் போட்டா வழக்கு நம்பர் கேட்கும், தீர்ப்பு நகல் கேட்கும். இல்லைன்னு போட்டுறேன்” என்றேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரித்தான்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தார். போலீஸ் பதிவேட்டில் பழைய வழக்கு இருந்திருக்கிறது. விண்ணப்பத்தில் இல்லை என்று சொல்லப்பட்டிருப்பதாக அறிக்கையில் எழுதிவிட்டார்கள். பள்ளியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“விசாரிக்க வந்த ஏட்டய்யா, யாருய்யா இல்லைன்னு போட்டதுன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன். கடை வச்சுப் பிழைக்கிற பிள்ளை நீ” என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “பள்ளிக்கூடத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுவியா?”

“நாளைக்கு வர்றேண்ணே” என்றேன்.

மறுநாள் போகவில்லை. பொய்யான தகவலைப் பதிந்தேன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்வார்களோ, கடை உரிமம் போய்விடுமோ என்று பயம். அதற்குப் பதிலாக எனக்கு ஆபத்தில்லாத உதவியாகப் பார்த்துச் செய்தேன். ஜீப் காகிதங்களோடு அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய சம்மனில் வழக்கு எண் இருந்தது. தெரிந்த வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, கோர்ட்டில் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடவைத்தேன். அது கிடைத்ததும், வழக்கையும் விடுதலையையும் ஒளிக்காமல் எழுதிப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமைதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“கேசு எங்களுக்குப் பெரிசில்லைம்மா. பிரேக்கு போனா யார் என்ன செய்ய முடியும்? மறைச்சாருன்னுதான் வேண்டாம்னோம். நேத்துதான் வேற ஆளுக்கு ஆர்டர் குடுத்தோம். ரெண்டு நாள் முந்தி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

அன்று மாலை ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், “இடம் நிரம்பிருச்சாம்ணே” என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

தீர்ப்பு நகல் வந்தது. மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டினேன். வழக்கில் விடுதலையானவர், வேறு வழக்கு இல்லை என்ற குறிப்போடு சான்றிதழ் வந்தது. அச்செடுத்துக் கையில் கொடுத்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. நான் சனிக்கிழமை வரை பள்ளிக்குப் போகாமல் இருந்ததையும், அதனால்தான் வேலை போனது என்பதையும் சொன்னேன்.

“தெரியும் ஆத்தா. அந்தம்மா அன்னைக்கே போன் போட்டு வருத்தப்பட்டாங்க” என்றார்.

ஜீப் நிற்கும் இடத்தில் நான் பாதியை விழுங்கிச் சொன்னபோதே அவருக்கு முழுவதும் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சான்றிதழைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, “தோட்டத்துல ஆளுக நிக்குறாங்க, வெரசாப் போகணும்” என்று கிளம்பினார்.

வேறு பள்ளி எதுவும் இதுவரை அமையவில்லை. இன்னமும் விடிவதற்கு முன் மெட்டு ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம்கூட ஓய்வூதிய மனு எழுத தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை நல்லாப் பார்த்துச் செய்யும் என்று சொல்லி அனுப்பியதாக அவள் சொன்னாள்.